கோட்டுப் போட்ட தாத்தாவுக்கு முதல் பத்திரிகை

காவிரித் தண்ணீர் பாயாத ஊரெல்லாம் மாயவரத்துக்காரனுக்கு வெளிநாடுதான். அந்த வகையில் நான் வெளிநாட்டில் பெண் எடுத்தவன். கோவில்பட்டிக்குப் போகப் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள் என்பதைத் தவிர மற்ற எல்லாம் உண்டு. பேச்சு பாதி புரியாது. மண்ணும் காபியும் வேறு நிறத்தில் இருக்கும். திரும்பி வரும்போது பையில் கடலை மிட்டாயும், மனதில் மாமனார் வீட்டார் சொன்ன இரண்டு வார்த்தையும் இருக்கும். மிட்டாய் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இந்த முறை போனது ஒரு மீட்புப் பணிக்காக. என் மனைவி கோமதி, அண்ணன் மகள் கல்யாணத்துக்காக முன்கூட்டியே கோவில்பட்டி போயிருந்தாள். அங்கிருந்து போன் செய்தாள்.

“உடனே கெளம்பி வாங்க. எங்க தாத்தாவ மீட்டுட்டு வரணும்.”

அவள் தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். “யார்கிட்டேர்ந்து?” என்றேன்.

“மியூசியத்துல இருந்து.”

விஷயம் இதுதான். அவர்கள் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையைத் தாத்தா படத்துக்கு முன்னால் வைப்பார்கள். தாத்தா பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு. எங்கள் கல்யாணத்துக்கும் வைத்தார்கள். “மாப்பிள்ளை பேரப் படிச்சிட்டு ஒண்ணும் சொல்லல” என்று மாமனார் அறிவித்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு கல்யாணத்தை நடத்தினார்கள்.

இப்போது பத்திரிகை வந்துவிட்டது. தாத்தா இல்லை. மாமனார் காலமான பிறகு மச்சான் பாலு பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினார். அப்பா படத்துக்கு நல்ல சட்டம் வேண்டும் என்று தேடியபோது தாத்தாவின் தேக்குச் சட்டம் கண்ணில் பட்டது. சட்டம் போடும் கடைக்குக் கொண்டுபோய்த் தாத்தாவைக் கழற்றி அப்பாவை மாட்டச் சொன்னார். கடைக்காரர், “பழச என்ன செய்ய?” என்று கேட்டிருக்கிறார். “நீங்களே வச்சிக்கிடுங்க” என்று பாலு சொல்லிவிட்டு வந்தார். கடைக்காரர் உண்மையிலேயே வைத்துக்கொண்டார். அந்தத் தாத்தாவைப் போலவே கரிசல் காடு முழுவதும் கழற்றிப் போடப்பட்ட தாத்தாக்களையெல்லாம் வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு அருங்காட்சியகமே திறந்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்த அன்று காலை ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு காபிக் கடையில் ஏறினேன். மாயவரத்துக்காரனின் முதல் கேள்வி எங்கே போனாலும் ஒன்றுதான். “காபி எப்படி இருக்கும்?”

“சூடா இருக்கும்” என்றார் காபிக் கடைக்காரர்.

கருப்பட்டிக் காபி. எங்கள் ஊரில் காபியைக் குடித்துவிட்டு அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவோம். இங்கே குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். இரண்டாவது டம்ளர் கேட்டேன் என்பதை எங்கள் ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பாலு வீட்டில் சுவரெல்லாம் பளபளவென்று டைல்ஸ். சோபாவில் யாரும் உட்கார முடியாது. பத்திரிகைக் கட்டுகள் உட்கார்ந்திருந்தன. கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது, ஒரு ஆளைக்கூட அழைக்கவில்லை. மாமனார் எங்கே என்று தேடினேன். தேக்குச் சட்டத்துக்குள் பிரிட்ஜின் மேல் சாய்ந்திருந்தார்.

“சுவத்துல மாட்டலியா மச்சான்?”

“ட்ரில்லு போட்டா டைல்ஸ் வெடிச்சிரும் மாப்ள.”

பருத்தி மண்டி வைத்திருந்த மனிதர் என் மாமனார். கம்ப்யூட்டர் கடையில் அவர் முகத்தில் இருந்த சுருக்கத்தையெல்லாம் துடைத்து, கன்னத்தில் ரோஸ் பூசி, பின்னால் சுவிட்சர்லாந்து வைத்திருந்தார்கள். சோப்பு விளம்பரத்தில் தாத்தாவாக நடிப்பவர் மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். உயிரோடு இருந்தவரை அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லை. எனக்கு அது யாரோ என்றுதான் இருந்தது.

பாலு ஏற்கெனவே மியூசியத்துக்கு ஒரு முறை போய், “எங்க தாத்தாவ எடுக்க நான் எவன்கிட்ட கேக்கணும்?” என்று சத்தம் போட்டு, கேட்டுக்கு வெளியே கொண்டுவிடப்பட்டிருந்தார். கோமதி போனால் அழுதுவிடுவாளாம். மிச்சம் இருந்தது நான்.

“நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்க. பாத்தா வெவரமான ஆளு மாதிரி இருக்கும்” என்றாள் கோமதி. “வாயத் தொறக்காம இருந்தாப் போதும்.”

“தாத்தா எப்படி இருப்பார்?”

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் தாத்தாவின் நினைவு நாளன்று கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் அப்பி, அப்பி, முகம் இருந்த இடத்தில் ஒரு மேடுதான் இருந்ததாம். அதற்குக் கீழே தெரிந்தது மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம்.

“கோட்டு போட்டிருப்பாரு” என்றார் பாலு. “பக்கத்துல ஒரு கடியாரம்.”

“பத்தே காலு காட்டும்” என்றாள் கோமதி. அவ்வளவுதான் அங்க அடையாளம்.

மறுநாள். ராத்திரி மழை பெய்திருந்தது. கரிசல்காட்டில் மழை பெய்தால் எல்லார் முகத்திலும் ஒரு கல்யாணக் களை வந்துவிடுகிறது. டவுன் பஸ்ஸில் கண்டக்டரிடம், பசுவந்தனை போகிற வழியில் ஒரு ஓவிய அருங்காட்சியகம் இருக்கிறதாமே, அங்கே இறங்க வேண்டும் என்று புத்தகத் தமிழில் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தாத்தா குடோனா? அத மொதல்லயே சொல்லணும்லா அண்ணாச்சி.”

பக்கத்து சீட்டில் ஒரு அம்மா மடியில் தூக்குவாளியுடன் இருந்தார். அவித்த முட்டை வாசனை வந்தது. “நானும் அங்கதான் இறங்கணும். எங்க மாமாவுக்கு இன்னைக்கு நாளு” என்றார். “நீங்க யாரப் பாக்கப் போறீங்க?”

ஆஸ்பத்திரியில் பார்வை நேரத்தில் கேட்கிற அதே தொனி. “வீட்டுக்காரியோட தாத்தாவ” என்றேன்.

“நல்லா இருக்காவளா?”

“இருக்கார்” என்று சொல்லிவைத்தேன்.

சாலையிலிருந்து குடோனுக்கு ஒரு மண்பாதை. எங்கள் ஊர் வண்டல் மண்ணில் கால் வைத்தால் வழுக்கும். கீழே தள்ளிவிட்டு அதோடு விட்டுவிடும். கரிசல் மண் அப்படி இல்லை, உறவு கொண்டாடும். ஒவ்வொரு அடிக்கும் செருப்பு ஒரு சுற்றுப் பெருத்தது. பத்தடியில் நான் என் சொந்த உயரத்தைவிட அரையடி கூடியிருந்தேன். வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டி, ஆனைக்கால்காரன் மாதிரி போனேன். தூக்குவாளி அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி எப்போதோ போய்விட்டார்.

வாசலில் ஒரு வாளித் தண்ணீரோடு மெலிந்த உயரமான மனிதர் நின்றிருந்தார். “செருப்ப வெளிய விட்டுருங்க” என்றார். என் காலைப் பார்த்துவிட்டு, “மொதல்ல செருப்பு எங்கன இருக்குன்னு தேடுங்க” என்றார். அவர்தான் சவரிமுத்து அண்ணாச்சி, நிறுவனர்.

உள்ளே போனேன். நீளமான கடலை குடோன். நான்கு சுவரிலும் கோட்டுப் போட்ட தாத்தாக்கள். எல்லாருக்கும் ஒரே கறுப்புக் கோட்டு, ஒரே நாற்காலி, ஒரே பச்சைத் திரை, ஒரே பூ ஜாடி. எல்லார் பக்கத்திலும் கடிகாரம். எல்லாக் கடிகாரத்திலும் மணி பத்தே கால்.

“ஒரே பெயிண்டரு” என்றார் அண்ணாச்சி. “சந்தைப்பேட்டையில இருந்தாரு. கரிசக்காட்டுல தைக்குப் பொறவுதான கையில காசு பொழங்கும்? அப்பதான் படம் எழுத வருவாவ. அதுவரைக்கும் பெயிண்டரு சும்மா இருப்பாரா? மழை நாளு பூரா உடம்ப எழுதி அடுக்கி வச்சிருவாரு. வெள்ளாம வீடு வந்ததும் தலைய மட்டும் வைப்பாரு.”

“மேஜைல ஒரு புத்தகம் இருக்கே?”

“அதும் ஒரே புஸ்தகந்தான். எங்க ஆளுகன்னா அட்டையில ஒரு சிலுவை. மத்தவியளுக்கு நெத்தியில திருநீறு. வேற வித்தியாசம் கெடையாது. வாழ்நாள்ல சட்டை போடாத மனுசனெல்லாம் இங்கன கோட்டு போட்டுட்டு இருக்காவ.”

தலை இல்லாத ஒரு படமும் மூலையில் இருந்தது. கோட்டு, நாற்காலி, பத்தே கால் எல்லாம் தயார். கழுத்துக்கு மேலே வெறும் துணி. “இது யாரு?” என்றேன்.

“இன்னும் வரல.”

அண்ணாச்சியின் மனைவி ரோஸம்மா கருப்பட்டிக் காபி கொண்டுவந்தார். கலைச் சேகரிப்பாளரின் வாழ்க்கை வரலாற்றில் பாதியை அவர்தான் சொன்னார்.

“கடைக்குப் பழைய படத்தக் கொண்டு வருவாவ. கழத்திப் போட்டுட்டுப் போயிருவாவ. இவிய குப்பையில போட மாட்டேன்னுட்டாவ.”

“கண்ணு இருக்குல்லா” என்றார் அண்ணாச்சி. “நம்மளப் பாத்துட்டு இருக்க மனுசன எப்படிக் குப்பையில போட?”

“போடாம எங்க வீட்டுல கொண்டாந்து அடுக்குனாவ. அடுக்கள, நடை, கட்டிலுக்கு அடியில. நான் குளிச்சிட்டு வாரேன், அத்தன ஆம்பளையும் பாக்குதாவ! எல்லாரையும் சுவத்தப் பாத்துத் திருப்பி வச்சேன். ஒரு நாளு விருந்தாளி வந்து, ஏன் எல்லாரும் கோவிச்சிக்கிட்டு இருக்காவன்னு கேட்டாவ. அன்னைக்கே எங்கப்பா குடோன் சாவிய எடுத்துக் கொடுத்துட்டேன். ஒண்ணு வீட்டுல நான், இல்ல இந்தத் தாத்தாமாரு.”

இப்படியாகத்தான் அந்த அருங்காட்சியகம் தோன்றியது. பெயர்ப் பலகையில் நிறுவனர் என்று அண்ணாச்சி பெயர் இருக்கிறது. உண்மையான நிறுவனர் யார் என்று எனக்குப் புரிந்தது.

திறந்த பிறகுதான் பிரச்சினை. பரணில் கிடந்தபோது ஏன் என்று கேட்காத பேரன்களெல்லாம் மியூசியம் என்றதும் வந்துவிட்டார்கள். எங்கள் தாத்தா அவர்கள் தாத்தாவுக்குக் கீழே இருப்பதா என்று சண்டை. அண்ணாச்சி கொத்தனாரைக் கூப்பிட்டு நூல் பிடித்து எல்லா ஆணியையும் ஒரே மட்டத்தில் அடித்தார். அடுத்து ஃபேன் காற்று யார் தாத்தாவுக்கு வருகிறது என்று கிளம்பினார்கள். ஃபேனையே கழற்றிவிட்டார். செத்தவர்களுக்கு வியர்க்காது, வந்தவர்களுக்குத்தான் வியர்த்தது.

சென்னையிலிருந்து ஒரு கலை அறிஞர் வந்திருக்கிறார். முழு நாளும் சுற்றிப் பார்த்துவிட்டு, இது காலனியத்துக்குப் பிந்தைய சுயத்தின் அரங்கேற்றம் என்றாராம். “நல்லதுங்கன்னு சொல்லி காபி கொடுத்தேன்” என்றார் அண்ணாச்சி. அறிஞர் காபியைக் குடித்துவிட்டு, ரசனையில்லாத ஊர் என்று எழுதினாராம். அண்ணாச்சி இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூக்குவாளி அம்மா சுவரோரம் இலை விரித்து, முட்டையை உரித்து, பக்கத்தில் ஒரு பீடிக்கட்டு வைத்து, ஒரு கோட்டுக்காரர் நெற்றிக் கண்ணாடியில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

“கற்பூரம் வெளிய!” என்று இங்கிருந்தே குரல் கொடுத்தார் அண்ணாச்சி.

“தெரியும் அண்ணாச்சி. மாமா, முட்டையத் தின்னுட்டு இருங்க, கற்பூரத்த வெளிய காட்டிட்டு வாரேன்.”

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அண்ணாச்சி முகம் மாறிவிட்டது.

“கோவிச்சிக்காதீங்க. உள்ள வந்த படம் வெளிய போகாது. ஒண்ணக் கொடுத்தா நாளைக்கே மத்தவிய வந்து நிப்பாவ. ஐப்பசியில பூராக் கல்யாணம். தை பொறந்தா மறுபடியும் கல்யாணம். நாலு மாசத்துல வெறும் ஆணிதான் மிஞ்சும். தூக்கிப் போட்டப்ப யாரும் வரலியே அண்ணாச்சி. பொறுக்கி வச்ச பொறவுதான வாரீங்க?”

விவரமான ஆள் மாதிரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

“சரி, யாரு உங்க தாத்தா? அதயாவது காட்டுங்க.”

கோமதிக்கு வீடியோ கால் போட்டேன். பாலுவும் எட்டிப் பார்த்தார். சுவரோரமாகப் போனை நகர்த்திக்கொண்டே போனேன்.

“இவருதான்!” என்றார் பாலு.

“இவரு மீசைய முறுக்கிட்டு இருக்காரு. தாத்தா அமைதியானவருன்னு அப்பா சொல்லுவாவ. அந்தா, அவரு!” என்றாள் கோமதி.

“அவரு நெத்தி ஏறு நெத்தி. நம்ம வம்சத்துல எவனுக்கு ஏறு நெத்தி?”

“உனக்குத்தான் ஏறிக்கிட்டு வருது!”

“பேசாம எல்லாரையும் போட்டோ எடுத்துட்டு வாங்க மாப்ள, ஒண்ணப் பிரிண்ட் போட்டுருவோம்.”

“போட்டோவுக்குப் பத்திரிகை வச்சா போட்டோதான் கல்யாணத்துக்கு வரும்” என்றாள் கோமதி. “சொந்தத் தாத்தா மொகம் தெரியல. என்ன பொழப்பு இது!”

நான் போனைக் கையில் வைத்தபடி அடுத்த சுவருக்குத் திரும்பினேன். இரண்டாவது படத்தின் முன்னால் என் கை தானாகக் கீழே போனது. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து இறக்கிவிட்டிருந்தேன். ஏன் இறக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

அதே பார்வை. இடது புருவம் ஒரு நூல் மேலே. வாய் ஒரு ஓரமாக இழுத்திருக்கிறது. பருத்தி மண்டியில் ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பார்த்து, ‘தரம் குறைவு, ஆனா வேற வரத்து இல்ல’ என்று முடிவு செய்கிற பார்வை. பெண் பார்க்கப் போன அன்றிலிருந்து கடைசிவரை நான் அந்தப் பார்வைக்கு முன்னால் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறேன்.

“இவர்தான்” என்றேன்.

திரை முழுக்கக் கோமதியின் கண்கள் வந்தன. பிறகு, “அது எங்க அப்பால்லா” என்றாள். “அப்பா எப்படி அங்கன?”

அண்ணாச்சி என்னை விலக்கிவிட்டு வந்து பார்த்தார். “உங்க தாத்தாவுக்கு போட்டோ கீட்டோ உண்டுமா தாயி?”

“கெடையாதுன்னு சொல்லுவாவ.”

“அப்பச் சரிதான். போட்டோ இல்லாதவியளுக்குப் பெயிண்டரு மூத்த மகன உக்கார வச்சிருவாரு. மகன் மொகத்த எழுதி, மேல நரைய ஏத்திவிட்டா அப்பா வந்திருவாரு. உங்கப்பாவத்தான் உக்கார வச்சிருக்காரு.”

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாமனார் வருஷா வருஷம் குளித்து, விரதமிருந்து, தன் முகத்துக்கே சந்தனம் வைத்திருக்கிறார். தன் முகத்துக்கே என் பத்திரிகையைக் காட்டிவிட்டு, ‘ஒண்ணும் சொல்லல’ என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார். ஐயோ, அப்படியானால் அன்றைக்கு மறுக்க நினைத்ததும் அவர்தான், சரி என்று விட்டதும் அவர்தான்.

“அண்ணாச்சி” என்று அழுதுகொண்டே கேட்டாள் கோமதி. “அந்தப் படத்தக் கொடுத்திருங்க. எங்கப்பா அண்ணாச்சி அது. வீட்டுல இருக்கது எங்கப்பாவே இல்ல.”

சவரிமுத்து அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். மறுக்கவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. கடைசியில் கேட்டார். “கொண்டு போறீங்க, சரி. எங்கன மாட்டுவீங்க?”

“பிரிட்ஜுக்கு மேல” என்றார் பாலு.

“அங்க ஒரு ஆளுக்குத்தான் இடம்” என்றேன் நான். வாயைத் திறக்காதே என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

“கல்யாணம் முடிஞ்ச பொறவு?” என்றார் அண்ணாச்சி.

பாலு இருமினார். கோமதி பொய் சொல்ல மாட்டாள். “பரண்ல வச்சிருவாவ” என்றாள்.

ரோஸம்மா போனுக்குள் தலையை நீட்டினார். “ஏத்தா, மனுசன் எங்கன இருக்காரோ அங்கன போய்த்தான பத்திரிகை வைப்போம்? அவர ஏன் உங்க வீட்டுக்கு இழுக்கீங்க? நீங்க வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை போனோம். வாடகைக் கார் மண்பாதையில் இறங்கியதும் சக்கரம் சுற்றியது, கார் நகரவில்லை. பட்டுச் சேலையோடு கோமதியும், வெற்றிலைத் தட்டோடு பாலுவும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எனக்கு இந்த முறை அனுபவம் இருந்ததால் நானும் கையில்தான் பிடித்திருந்தேன்.

“வாங்க சொத்துக்காரரே” என்றார் அண்ணாச்சி பாலுவைப் பார்த்து. பாலு சிரிக்க முடியாமல் கும்பிட்டார்.

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையைத் தட்டில் வைத்துப் படத்தின் முன்னால் நீட்டினார் பாலு. இடது புருவம் ஒரு நூல் மேலே இருந்தது. வாய் ஓரமாக இழுத்திருந்தது. மாமனார் மாப்பிள்ளைப் பையனின் பெயரை இழுத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எல்லாரும் காத்திருந்தோம்.

“ஒண்ணும் சொல்லல” என்றார் பாலு கடைசியில். அப்பா குரலில் சொன்னார். அவர் தலையிலும் நரை ஏறியிருப்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். ரோஸம்மா படத்தையும் பாலுவையும் மாறி மாறிப் பார்த்து, “இவிய அங்கன இருந்து எறங்கி வந்தாச்சா?” என்றார்.

இரண்டாவது பத்திரிகை சவரிமுத்து அண்ணாச்சிக்கு. தாத்தா தங்கியிருக்கும் வீட்டுக்காரர் அல்லவா? அவர் வாங்கி அலமாரியில் வைத்தார். ஏற்கெனவே ஒரு கட்டுப் பத்திரிகை அங்கே இருந்தது. “ஐப்பசி பூரா எங்களுக்கு வீட்டுல அடுப்பு கெடையாது” என்றார் ரோஸம்மா. “எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளைக்குத் தாத்தா சாடை இருக்கான்னு பாத்துட்டே இருக்காவ இவிய. சாப்பாடு ஆறிப் போவுது.”

கிளம்பும்போது கோமதியைக் காணவில்லை. தலையில்லாத படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அந்தக் கோட்டையும் என்னையும் இரண்டு மூன்று தடவை அளந்து பார்த்தாள்.

“அண்ணாச்சி, இது யாருக்கும் சொல்லி வச்சிருக்கீங்களா?”

“இல்ல தாயி.”

“அப்ப இத இவியளுக்கு வச்சிருங்க. தோளு சரியா இருக்கு.”

முப்பது வருஷத்தில் மாமனார் வீட்டில் எனக்கென்று ஓர் இடம் ஒதுக்கியது அன்றைக்குத்தான். எதிர்ச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். புருவம் இறங்கவில்லை. ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லை.

வேட்டியை இறக்கிவிட்டபடியே வாசல்வரை வந்தேன். கரிசல் மண் வந்ததும் மடித்துக் கட்டிக்கொண்டேன்.